பாதி தண்ணீர், பாதி வானம்

“மேக்ரோ லென்ஸும், தண்ணி புகாம அதுக்கு முன்னாடி மாட்டுற இந்தத் தட்டைக் கண்ணாடி போர்ட்டும் எடுத்துக்கோங்க மேடம். தண்ணிக்குள்ள சின்ன மீனோட கண்ணுகூட பளிச்னு விழும்” என்றார் கேமரா கடைக்காரர்.

“வேண்டாம். வைட் லென்ஸும் அந்தப் பெரிய உருண்டைக் கண்ணாடி டோம் போர்ட்டும் கொடுங்க.”

கூட வந்திருந்த அப்பா அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “சட்டியைக் கவுத்த மாதிரி இருக்கு. ஆத்து மீனை எடுக்க இவ்வளவு பெருசு எதுக்கும்மா? அவர் சொல்றதையே வாங்கேன்.”

“அதுல தண்ணிக்கு அடியில இருக்கிறது மட்டும்தான் தெரியும். இதைப் பாதி முக்கிப் பிடிச்சா, மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் ஒரே படத்துல வரும்.”

“எம்பொண்ணு பிடிச்ச பிடியை விடமாட்டா.” அப்பா பெருமையாகச் சிரித்தபடி பர்ஸை எடுத்தார்.

“வேண்டாம்ப்பா, நானே கட்டுறேன்.”

“ஏன், நான் வாங்கித் தரக் கூடாதா?”

“கோர்ட்டுக்கு வந்ததே, ஆத்துக்கு அடியில இருக்கிற கழிவுக் குழாய் படம், அது நான் எடுத்ததுதான். ‘அது எங்க ஃபேக்டரிக் குழாயே இல்ல’ன்னு நீங்க அங்க சாதிச்சுட்டீங்க. இந்தத் தடவை தண்ணிக்குக் கீழே குழாயும், மேலே கரையில உங்க பேர் போட்ட ஃபேக்டரி போர்டும் ஒண்ணா விழும்.”