பழுத்த இலை

அவள் கையில் ரோஜா இருந்தது.

சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தவர் அப்படியே நின்றார்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் மனைவி சிரித்தாள். பின்னால் ஓர் அருவி. அருவியைச் சுற்றி எந்த ஊரிலும் பூக்காத நிறத்தில் பூக்கள்.

அவர் எடுத்த படம்தான். போன பங்குனியில், வீட்டுத் தோட்டத்தில்.

அவள் நட்ட மனோரஞ்சிதம் பல வருடம் வெறும் செடியாகவே நின்றது. முதல் பூ வந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை. இலையோடு இலையாகப் பச்சை. அது மஞ்சளாகப் பழுத்த காலையில் வாசனை சமையலறைக்குள் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். கிளை கிளையாக விலக்கித் தேடினாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"என் மூஞ்சிய விடுங்க. பூ தெரியுதா, அதப் பாருங்க."

எடுத்தார்.

நாளை அவளுக்குப் பதினாறாம் நாள்.

"எல்லாருக்கும் பிடிச்சிருக்குப்பா," என்றான் மகன். "அம்மா இதுல அழகா இருக்காங்க."

எதில் அழகாக இல்லாமல் இருந்தாள்?

தோட்டத்துக்குப் போனார். பழுத்திருந்த பூ ஒன்றைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு நடந்தார்.

ஸ்டுடியோக்காரன் கணினியில் பழைய படத்தைத் திறந்தான்.

"கையில பழுத்த எல ஒண்ணு இருந்துச்சு சார். சாமி மாதிரி கும்பிடப்போற படம். அதுல எதுக்குன்னு தூக்கிட்டு ரோஸ் வச்சேன். அருவி நம்ம அன்பளிப்பு."

"பழையபடி வேணும்."

"அந்த எலையோடவா?"

"அதோட."

"உங்க இஷ்டம் சார். பெறகு எங்கிட்ட கொற சொல்லக் கூடாது."

அருவி போனது. துவைக்கும் கல் வந்தது. கொடியில் அவர் வேட்டி வந்தது. ரோஜா போனது.

அவர் பையிலிருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கதவு சாத்திய ஏசி அறை.

சற்று நேரத்தில் அவன் மூக்கை உறிஞ்சினான். சாமி படத்தடியில் ஊதுபத்தியைப் பார்த்தான். அணைந்திருந்தது. சட்டைக் காலரை முகர்ந்தான். இழுப்பறையைத் திறந்து மூடினான்.

"பலாப்பழ வாசன அடிக்குதே. எங்கேர்ந்து சார் வருது?"

மேசையில் கிடந்ததைப் புறங்கையால் தள்ளிவிட்டு, கீபோர்டைத் தூக்கி அடியில் தேடினான்.