இரண்டு குன்றும் ஒரு சங்கும்

ஆய்வுக்கூடத் தலைவியின் மேசையில் சுண்ணாம்புக்கல் நிரம்பிய இரண்டு பைகள். பக்கத்திலேயே நிலவியலாளரின் பதவி உயர்வுக் கடிதம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"குன்றுக்கு ஒரு பை மேடம். ரெண்டு குன்றுக்கும் நடுவுல நாப்பது கிலோமீட்டர். ஆனா ரெண்டுலயும் ஒரே வகைக் கடல் சங்கு கல்லாகிக் கிடக்கு. அப்போ ரெண்டும் ஒரே காலத்துல, ஒரே கடலுக்கு அடியில படிஞ்ச அடுக்குதான்!" என்றார் நிலவியலாளர்.

"ரெண்டாவது குன்று செங்குத்தாச்சே. நீங்களே ஏறினீங்களா?"

"பின்னே? முட்டி கழண்டு போச்சு. வெயில் வேற மண்டையைப் பிளந்துது."

தலைவி ஒரு பையிலிருந்து உடைந்த சங்கு ஒன்றை எடுத்தார். அடுத்த பையைக் கிளறி இன்னொன்றை எடுத்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததே இல்ல."

நிலவியலாளருக்குக் காது குளிர்ந்தது. பேனாவைத் திறந்து தாமே நீட்டினார்.

தலைவி அதை வாங்கவில்லை. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தார். உடைந்த விளிம்புகள் இம்மி பிசகாமல் பொருந்தி, ஒரே சங்காயின.

"பாவம், வாயை அந்தக் குன்றுலயும் வாலை இந்தக் குன்றுலயும் வெச்சுட்டுச் செத்திருக்கு. ரெண்டாவது குன்றுக்கு இந்தச் சங்குகூடப் போயிருக்கு சார், நீங்க போகலையே!"