பூனைப் பாடம்

“ஷி டஸ் நொட் வோண்ட் த லாண்ட், சேர்.”

மொழிபெயர்ப்பாளர் அப்படித்தான் துரைக்குச் சொன்னார். நான் சொன்னது அதுவல்ல.

“ஐயா காடு வெட்டித் திருத்தின காணி. அவர் செத்தாப் பிறகும் நான்தான் அதில இருந்து விதைக்கிறன், அறுக்கிறன். என்ர பேருக்கு எழுதித் தாங்கோ” என்றுதான் சொல்லியிருந்தேன். என் காலில் வயல் சேறு இன்னும் காயவில்லை.

முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். காணிக் கச்சேரி நடக்கிறது. யாருக்கு எந்தக் காணி என்று தீர்க்கக் கொழும்பிலிருந்து வந்த துரைக்குத் தமிழ் தெரியாது. வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். அவனுடைய இங்கிலீசு மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

துரைக்கும் எனக்கும் நடுவில் இந்த ஆள்.

இன்னும் சொன்னார். நான் காணியை விட்டுப் போய்விட்டேனாம். வவுனியாவில் புருசனோடு சீரும் சிறப்புமாக இருக்கிறேனாம். காணி பற்றைக்காடாய்க் கிடக்கிறதாம், வீரகத்திக்குக் கொடுத்தால் நல்லதாம். எல்லாச் சொல்லும் எனக்குப் பிடிபட்டது என்று சொல்லமாட்டேன். ஹஸ்பண்ட், வவுனியா, வீரகத்தி. இவ்வளவும் போதும். மிச்சத்தை அவருடைய கை சொன்னது. பொய் சொல்லும்போது இடது காதைத் தடவுவது அந்த ஆளின் பழக்கம்.

உத்தியோகம் என்று வவுனியாவுக்குப் போன என் மனுசன் அதன் பிறகு என் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. சீராம், சிறப்பாம்!

“நோ, சேர்! நோ!” என்று கத்தினேன்.

துரை நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் அவர் காதோடு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சுவரோடு நின்ற வீரகத்தி மீசையை முறுக்கினான். அவனுடைய தங்கையைத்தான் மொழிபெயர்ப்பாளர் இப்போது வைத்திருக்கிறார். அது மண்டபத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே! அடுத்தது அவர்கள் முறை. இந்த ஆளின் வாயால்தான் அவர்களும் துரையோடு கதைக்க வேண்டும்.

இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் நான் இங்கிலீசு படித்தேன்.

படிப்பித்தவர் எங்கள் கொலனி மருத்துவிச்சி அற்புதம் அக்கா. முல்லைத்தீவுக் கடற்கரையைச் சேர்ந்தவர், கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். காயப்போட்ட நெல்லில் கோழி கலைத்துக்கொண்டே பாடம் நடக்கும். முதல் நாள், வாசலில் படுத்திருந்த பூனையை விரலால் காட்டி, “திஸ் இஸ் எ கேட்” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “காணி போகப்போகுது, எனக்கேன் அக்கா பூனை? காணிக் கதையைச் சொல்லித் தாங்கோ.”

“முதல்ல விரலை நீட்டிச் சொல்லப் பழகு, பிள்ளை. மற்றது தானா வரும்.”

பூனை, கதவு, குடை, கோழி. விரல் நோகும் வரைக்கும் நீட்டினேன். பிறகு அடம்பிடித்துக் காணிக்கும் வந்து சேர்ந்தேன். மை ஃபாதர்ஸ் லாண்ட் என்று மாட்டுக்குச் சொன்னேன், வரம்புக்குச் சொன்னேன். ஒன்றே ஒன்றுக்குத்தான் வாய் திறக்கவில்லை. புருசனின் பேர் என்ன என்று அக்கா இங்கிலீசில் கேட்பார். நான் கோழி கலைக்க எழும்பிவிடுவேன். புருசன் பேரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்த வாய். “இங்கிலீசில சொன்னாக் குறையாதடி” என்று அக்கா சிரிப்பார். அவரும் ஒருநாளும் தன் மனுசனின் பேரைச் சொன்னதில்லை.

துரை பேனையை எடுத்தார். “வட் இஸ் ஹேர் ஹஸ்பண்ட்ஸ் நேம்?”

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு முதல் தடவையாக, கேட்டதை அப்படியே தமிழில் சொன்னார்.

“புருசன்ர பேரைச் சொல்லட்டாம்.”

சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தார். நான் சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நான் ஊமையாய் நிற்பேன்; எங்கள் பெண்களின் வழக்கத்தைத் துரைக்கு விளக்கிவிட்டு, வாய்க்கு வந்த ஒரு பேரைத் தானே கொடுத்துவிடுவார். காணி வீரகத்திக்கு.

மாட்டுக்குச் சொன்ன வசனமெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. அந்தப் பேர் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. இவ்வளவுக்குப் பிறகும் என் வாய் அந்த மனுசனின் ஆயுளுக்குக் காவல் இருந்தது. அதை நினைக்கத்தான் எனக்கு விசர் பிடித்தது. என் வாயை நானே கிழித்துப் போடலாம் போலிருந்தது.

துரை பேனையை வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடத் தலையை நிமிர்த்தினார்.

அப்போது அக்காவின் பூனை ஞாபகத்துக்கு வந்தது.

விரலை நீட்டினேன். மேசையருகே நின்ற மொழிபெயர்ப்பாளரின் வெள்ளைச் சட்டைக்கு, நெஞ்சுக்கு நேரே.

“திஸ் இஸ் மை ஹஸ்பண்ட்.”

காதுக்குப் போன கை பாதியில் நின்றது. வீரகத்தி சுவரை விட்டு விலகினான்.

துரை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காலில் இருந்த வயல் சேற்றையும் பார்த்தார். பிறகு பேனையைத் திரும்ப எடுத்து எழுதத் தொடங்கினார்.

பேரை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. காலையிலிருந்து துரை அதைச் சொல்லித்தானே அந்த ஆளை வாய் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.