மாஸ்டர் இளங்கோவைத் தேடி

"ஏலே, நீதான மாஸ்டர் இளங்கோ?"

கேட்டபடியே, தருவைகுளத்து மீனவன் தஸ்நேவிஸின் சுண்டுவிரலை ஒடித்தான் சிலுவை.

பன்னிரண்டு படங்களில் அழுது பரிசு வாங்கிய குழந்தை நட்சத்திரம் இளங்கோ. அழவைப்பதற்காகத் தயாரிப்பாளர் குழந்தையின் முதுகில் சிகரெட்டால் சுட்ட கதை, இளங்கோ எழுதிய கடிதமாக இப்போது பத்திரிகையில் வந்துவிட்டது. கதையை முடிக்கச் சொல்லி, பேரும் விலாசமும் மட்டும் எழுதிய சீட்டோடு சிலுவையை அனுப்பியிருந்தார் தயாரிப்பாளர்.

"நான் இல்ல அண்ணாச்சி."

சிலுவை அவன் சட்டையைக் கிழித்தான். முதுகில் தழும்பே இல்லை. கத்தி தஸ்நேவிஸின் கழுத்துக்குப் போனது.

"அப்ப அவன் எங்கலே?"

"சொல்ல மாட்டேன்."

கழுத்தில் ரத்தம் கசிந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அவன் மனைவி கிளாடிஸ், மீன் வெட்டும் அரிவாளைச் சிலுவையின் மணிக்கட்டில் இறக்கினாள்.

"ஆம்பளப் பயலா நடிச்சது பொட்டப்புள்ளன்னு ஒம் மொதலாளி சொல்லலியாலே? நான்தாம்லே இளங்கோ. இப்ப கத்திய எடு, பாப்போம்!"