பொத்தான் பந்தயம்

மேசையைச் சுற்றி நான்கு பேர். ஜன்னல் பக்கம் காசாளர் அம்மா, அவருக்கு எதிரே கிடங்குக்காரர், கதவோரம் வேன் ஓட்டுநர். மின்விசிறிக்கு நேர் கீழே, கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் கழுகார். பார்வைக் கூர்மைக்காக வந்த பட்டப்பெயர், வைத்துக்கொண்டவரும் அவரேதான்.

அவர் உள்ளே வந்தபோது மூவரும் எழுந்து நின்றார்கள், அவர் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தார்கள். போக்கர் சீட்டாட்டத்தில் அவருக்கு அவ்வளவு மரியாதை.

சட்டைத் தொழிற்சாலையின் பின்னறை, சாப்பாட்டு இடைவேளை. பந்தயம் கட்டுவது கிடங்கில் மிஞ்சிய பொத்தான்களை வைத்து. கழுகார் முன்னால் குவிந்திருந்த பொத்தான்களுக்குப் பாதி ஊருக்குச் சட்டை தைக்கலாம்.

"எதிராளி கையில இதுதான் இருக்குன்னு அடிச்சுச் சொல்றவன் கத்துக்குட்டி. என்னென்ன இருக்கலாம்னு மனசுல ஒரு வரிசை போடணும். அவன் தயங்குறான், இருமுறான், பந்தயத்தை ஏத்துறான்... ஒவ்வொண்ணுக்கும் வரிசையில கழிச்சுட்டே வரணும். அதுக்குப் பேர்தான் ரேஞ்ச்," என்றார் கழுகார்.

"நமக்கெல்லாம் அது வருமா சார்?" என்று கிடங்குக்காரர் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஆட்டத்திலிருந்து விலகினார். ஓட்டுநரும் கவிழ்த்தார்.

கழுகார் தோற்பது வீட்டில், மனைவியிடம் மட்டும்தான். அவளுக்குச் சீட்டாடத் தெரியாது, அதனால்தான் ரேஞ்ச் பிடிபடவில்லை என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். தலைமை அலுவலகத்துக்கு ராஜினாமாக் கடிதம்.

"இனிமே ஊர் ஊராப் போய் முழுநேரப் போக்கர்தான். இந்தக் கை ஜெயிச்சா உறைய ஒட்டிடுவேன்."

மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆஸ், ஓர் ஒன்பது, ஒரு நாலு. கழுகார் கையில் இருந்ததோ உதவாக்கரைச் சீட்டு. இருந்தும் பொத்தான் குவியலை அப்படியே நடுவில் தள்ளினார்.

காசாளர் அம்மா தன் சீட்டைப் பார்த்தார்; உறையைப் பார்த்தார். "நல்லா யோசிச்சீங்களா சார்? உங்க பசங்க ரெண்டு பேரும் இன்னும் படிச்சுட்டு இருக்காங்க."

"பேச்சை மாத்துறீங்க பாருங்க! உங்க கையில ஒரு ஜோடிகூடக் கிடையாது."

அந்த அம்மா பெருமூச்சோடு சீட்டைக் கவிழ்த்தார். "எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ!"

கழுகார் உறையை நாக்கில் நனைத்து, அழுத்தி ஒட்டினார். வாசலில் கூரியர்காரர் ஹாரன் அடித்தார். ஓட்டுநர் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது.

"போயிடுச்சா?" என்று கேட்டார் காசாளர் அம்மா.

"போயே போயிடுச்சு."

அந்த அம்மா தன் சீட்டை நிதானமாகத் திருப்பினார். இரண்டு ஆஸ். கிடங்குக்காரர் திருப்பினார்: இரண்டு ஒன்பது. ஓட்டுநர் கூச்சத்தோடு இரண்டு நாலைக் காட்டினார்.

கழுகாரின் நாக்கில் பசை இன்னும் காயவில்லை. "இவ்வளவு நல்ல சீட்டை வச்சுக்கிட்டா கவுத்தீங்க?"

"பின்ன என்ன சார், இன்கிரிமெண்ட் போடுற மேனேஜர்கிட்ட எவனாவது ஜெயிப்பானா?"