படம் நிற்காத போன்

மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு ஊர் வர முடியாத கிளாட்வின், நடுக்கடலில் கப்பலில் இருந்தபடியே, புதுப் போன் வீசிய ஆளுயர ஒளியுருவாகத் தூத்துக்குடி வீட்டு நாற்காலியில் தோன்றினான். புதிதாக வந்திருந்த நெட் வேகத்தில் அவன் இமைமுடிகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவன் மனைவி மெர்லின் அழுகையை அடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பழைய போனே தேவலை என்று நினைத்தாள். கல்யாணமான புதிதில், பேச்சுக்கு நடுவே படம் நின்றுபோகும். அவன் மீனைப்போல வாயைப் பிளந்தபடி உறைந்திருப்பான். நடுவில் வட்டம் சுற்றும். அது சுற்றி முடிப்பதற்குள் கண்ணைத் துடைத்துச் சிரித்த முகமாகிவிடலாம். இப்போது ஒளிய இடமில்லை. அவள் அழுவதைப் பார்த்தால் அவன் வேலையை உதறிவிட்டு வந்துவிடுவான். அப்புறம் எந்தக் கப்பலும் அவனை ஏற்றாது.

"கேக் வெட்டியாச்சா பிள்ள?"

"ஆச்சுங்க. உங்க பங்கையும் உங்க மவளே தின்னுட்டா."

"உன்ன மாதிரில்லா இருக்கா!"

சிரிக்கப் போனவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டென்று குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது, கிளாட்வின் வாயைப் பிளந்து, ஒரு கையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தான்.

"என்னங்க?"

இந்த வேகத்தில் படம் நிற்பதாவது! உற்றுப் பார்த்தாள். அவன் சட்டைப்பை மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மெர்லின் அவசரப்படாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கைச் சிந்தினாள். கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"ம், சிக்னல் வந்துட்டுங்க," என்றாள்.

அதன் பிறகுதான் அவன் கையை இறக்கினான்.