அர்காதி ஏறிய மாடிப்படி

“அவன் நேத்தும் அவ வீட்டுக்குப் போயிருக்கான்டா, ஆல்ஃப்.”

ஜீப்பை ஓட்டிக்கொண்டே பல்லைக் கடித்தான் வெர்னன்.

“யாரு, நம்ம அர்காதியா? மெதுவாப் பேசுடா. பின்னாடிதான் உட்கார்ந்திருக்கான்.”

“கேட்டாக் கேட்கட்டும். அவனுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சாதானே?”

பின் சீட்டில் ரஷ்ய சார்ஜண்ட் அர்காதி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் தூங்கினான். ஜெர்மனியைத் தோற்கடிக்கும்வரை தோளில் கைபோட்டுத் திரிந்த நாலு தேசங்கள், போன வருஷம் போர் முடிந்ததும் வியன்னாவை நாலாகப் பங்குபோட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தன. மேலிடத்துக் கூட்டங்களில் யாராவது மேஜையைக் குத்தாத நாளில்லை. ஆனாலும் ரோந்துக்கு மட்டும் தேசத்துக்கு ஒருவனாக ஒரே ஜீப்பில்தான் போகவேண்டும். வண்டி அமெரிக்காவுடையது என்பதால் ஓட்டுவது அமெரிக்கன் வெர்னன். ஆல்ஃப் பிரிட்டிஷ்காரன்.

“எல்ஃபி என்ன சொல்றா?”

எல்ஃபி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வெர்னனின் உயிரே அவளிடம்தான் இருந்தது.

“‘சும்மா பேசிட்டுப் போறார்’ங்கிறா. கதவைச் சாத்திக்கிட்டு என்ன சும்மாப் பேச்சு?”

“கதவு வரைக்கும் போய்ட்டியா நீ?”

வெர்னனின் காது சிவந்தது. “மாடிப்படியில நின்னேன். உள்ளே ரெண்டு பேரும் ரஷ்யன்ல பேசிட்டிருந்தாங்க. சிரிக்கிறா, அழறா, மறுபடியும் சிரிக்கிறா. என்கூட இத்தனை நாளாப் பழகுறா, இங்கிலீஷ்ல நாலு வார்த்தை தாண்டலை. அவனுக்காக ஒரு பாஷையையே கத்துக்கிட்டிருக்காடா.”

“உனக்கு வயித்தெரிச்சல்.”

“ஆமா, வயித்தெரிச்சல்தான். காபிப் பொடி கொண்டுபோறது நான். கல்யாணம் பண்ணி ஒஹாயோவுக்குக் கூட்டிட்டுப் போகக் கர்னல்கிட்ட நடையா நடக்கிறது நான். அவன் கொண்டுபோறது காஞ்சுபோன கறுப்பு ரொட்டி. அதை மோந்து பார்த்துட்டுக் கண்ணு கலங்குறா.”

அர்காதி முன்னால் குனிந்து, சிரித்தபடி ஒரு கை விதையை நீட்டினான். வெர்னன் அவன் கையைத் தட்டிவிட்டான். விதைகள் ஜீப்பெல்லாம் சிதறின. அப்போதும் அவன் சிரித்துக்கொண்டே இருந்ததில் வெர்னனுக்கு இன்னும் எரிந்தது.

அன்று சாயங்காலமே வெர்னன் ரஷ்ய அதிகாரியின் அறைக்குப் போனான். கொஞ்ச நாளாக அந்தப் பக்கம் சல்யூட் அடித்தால்கூடத் திருப்பி அடிப்பதில்லை. அதையெல்லாம் அவன் பார்க்கவில்லை.

“உங்க அர்காதி டியூட்டி முடிஞ்சா எல்ஃபின்னு ஒரு ஆஸ்திரியாக்காரி வீட்டுலயே கிடக்கிறான் சார். அவனை வேற ஊருக்கு மாத்திடுங்க.”

அதிகாரி தலையைத் தூக்கவில்லை. “பொண்ணு வீட்டுக்குப் போறது எந்தப் பட்டாளத்துலதான் இல்லை?”

“போனா பரவாயில்லை சார். மணிக்கணக்கா ரஷ்யன்ல பேச்சு. அவளுக்கும் ரஷ்யன் தண்ணிபட்ட பாடு.”

இப்போது தலை நிமிர்ந்தது.

“அவ்வளவு நல்லாப் பேசுவாளா?”

“அவனைவிட வேகமாப் பேசுறா சார்.”

“வீடு எங்கே?”

வெர்னன் தெருவையும் மாடியையும் சொன்னான். அதிகாரி எழுந்துவந்து கைகுலுக்கினார். சிகரெட் கொடுத்துத் தானே பற்றவைத்தார். இரண்டு தேசத்துக்கும் நடுவே தன்னால் கொஞ்சம் சுமுகம் வந்துவிட்டது என்றுகூட வெர்னனுக்குத் தோன்றியது.

மறுநாள் அர்காதியின் இடத்தில் தடித்த கழுத்தோடு ஒரு புது ரஷ்யன் உட்கார்ந்திருந்தான். வெர்னன் சீட்டியடித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். கொஞ்ச தூரம் போவதற்குள் வயர்லெஸ் கரகரத்தது. சொன்ன விலாசம் எல்ஃபியின் வீடு.

“தெரியும்டா எனக்கு,” என்றான் வெர்னன். “மாத்தப்போறாங்கன்னு தெரிஞ்சதும் ஓடிப்போய் அங்கே ஒளிஞ்சிருக்கான். நானே இழுத்துட்டு வரேன்.”

வீட்டு வாசலில் அவன் இறங்கப் போனபோது புது ரஷ்யன் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

“விடுடா, வெர்னன். ரோந்து முறை மறந்துபோச்சா?” என்றான் ஆல்ஃப். “பிடிபடுறவன் எந்த தேசமோ, அந்த தேசத்துக்காரன்தான் தொடணும். அவன் ஆளை அவனே பிடிக்கட்டும்.”

வெர்னனுக்கு அதுவும் நியாயமாகவே பட்டது. அர்காதி தலைகுனிந்து வருவதைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று மாடிப்படியையே பார்த்திருந்தான்.

ரஷ்யன் இறங்கி வந்தான். அவன் பிடியில் இருந்தது எல்ஃபியின் கை.

“ஏய், அவளை ஏன்டா பிடிக்கிறே? அவ ஆஸ்திரியாக்காரிடா. ஆல்ஃப், நீயாவது சொல்லேன்.”

ஆல்ஃப் வயர்லெஸ்ஸைக் காதிலிருந்து எடுத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. “இல்லடா. அவங்க நாட்டுப் பொண்ணாம், கார்க்கோவ் பக்கம். போர்ல ஜெர்மன்காரன் கூலிவேலைக்குப் பிடிச்சிட்டு வந்திருக்கான். ஊருக்குத் திரும்பினா துரோகின்னு சைபீரியாவுக்கு அனுப்பிடுவாங்கன்னு, ஆஸ்திரியாக்காரி மாதிரி இங்கே ஒளிஞ்சிருந்திருக்கா. அர்காதி தெரிஞ்சும் வாயைத் திறக்கலையாம். யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க.”

வெர்னன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

டிரைவர் சீட்டில் அவனைக் கண்டதும் எல்ஃபியின் முகத்தில் உயிர் வந்தது.

“வெர்னன், நீதானா? நல்லவேளை,” என்றாள் தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில். “எனக்கு ரஷ்யன் ஒரு வார்த்தைகூடத் தெரியாதுன்னு இவங்ககிட்ட சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க.”